கேமரா வாங்கிய பதினோரு வாரங்கள்

பெரியக்கா தொலைபேசியில் அந்தச் செய்தியைச் சொன்ன அன்று நான் "சரிக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். அவள் வெளிநாட்டில் இருக்கும் மகளோடு நிரந்தரமாகத் தங்கப் போகிறாள். டிக்கெட் போட்டாகிவிட்டது, இன்னும் மூன்று மாதம்கூட இல்லை. வீட்டைக் காலி செய்யும் கவலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"போறதுக்கு முன்னாடி நாம மூணு பேரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துக்கணும்டா. அவகிட்ட நீயே கேட்டுச் சொல்லு. ஏதாவது ஒரு ஸ்டூடியோல போய் நின்னா போதும்."

"ஸ்டூடியோ எதுக்குக்கா? நானே எடுக்கறேன். கேமரா வாங்கப் போறேன்ல" என்றேன்.

அந்த நொடி வரை எனக்குக் கேமரா வாங்கும் எண்ணம் துளியும் இருந்ததில்லை. நாற்பத்தாறு வயதில் நான் எடுத்த படங்கள் என்று சொல்லிக்கொள்ள என் கைபேசியில் சில உண்டு. அதன் லென்ஸில் கீறல் விழுந்ததிலிருந்து யாரை எடுத்தாலும் பனிமூட்டத்தில் நிற்பவர் மாதிரி வருவார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இருபது வருடமாக என்னோடு குடித்தனம் நடத்துபவளுக்குக் கேட்டு என்ன ஆகப் போகிறது என்று தெரியும்.

'அவ' என்று பெரியக்கா சொன்னது சின்னக்காவை. இரண்டு பேருக்கும் ஒன்பது வருடமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. அதற்குக் காரணம் நான். இது எனக்கு மட்டுமே தெரியும்.

அம்மா போன பிறகு அவள் இருந்த வாடகை வீட்டை ஒரே வாரத்தில் காலி செய்ய வேண்டியிருந்தது. பீரோ, பாத்திரம், கட்டில் எதற்கும் சண்டை வரவில்லை. காலால் மிதித்துத் தைக்கும் பழைய தையல் மெஷின் ஒன்று மூலையில் இருந்தது. அலுவலகத்தில் இருந்தபோது பெரியக்கா கூப்பிட்டு, "மெஷின நான் எடுத்துக்கட்டுமாடா?" என்று கேட்டாள். "எடுத்துக்கோக்கா" என்றேன். ஒரு மணி நேரம் கழித்துச் சின்னக்கா கூப்பிட்டாள். அவள் துணி திருத்திக் கொடுக்கும் கடை வைத்திருப்பவள், தைக்கக் கற்றுக்கொண்டதே அந்த மெஷினில்தான். "அத நான் எடுத்துக்கறேன்டா" என்றாள். முதல் அழைப்பு எனக்கு மறந்துபோகவில்லை. நன்றாக நினைவிருந்தது. "எடுத்துக்கோக்கா" என்றேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் சின்னக்கா வண்டியோடு போனபோது மூலை காலியாக இருந்தது. அக்கா சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் என்று அவளுக்குக் கோபம். தங்கை தன்னைத் திருடி மாதிரி ஊரெல்லாம் பேசுகிறாள் என்று பெரியக்காவுக்குக் கோபம். இரண்டு பேரும் தனித்தனியே என்னிடம் வந்து முறையிட்டார்கள். இரண்டு பேரிடமும் நான் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "விடுக்கா, அவ குணம் உனக்குத் தெரியாதா." நேருக்கு நேர் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் என் குட்டு வெளிப்பட்டிருக்கும். ரோஷக்காரிகள், பேசவில்லை. நானும் நிம்மதியாக ஒன்பது வருடத்தை ஓட்டிவிட்டேன்.

இப்போது பெரியக்கா போகப் போகிறாள். போனால் திரும்பி வருவாள் என்று சொல்ல முடியாது. அவர்கள் சேர வேண்டும் என்று எனக்கு உண்மையிலேயே ஆசையாக இருந்தது. சேர்ந்தால் பேசுவார்களே என்பதுதான் சிக்கல்.

சின்னக்காவிடம் கேட்டேன். ஊசியில் நூலைக் கோத்து முடித்தாள். பிறகு, "படத்துக்கு மட்டும் வரேன். பேச மாட்டேன்" என்றாள். எனக்கு அது மிகவும் வசதியான ஏற்பாடாகப் பட்டது.

கேமரா தேடத் தொடங்கினேன். என் தொழிலைச் சொன்னால்தான் அடுத்து நடந்தது விளங்கும். நான் ஒரு பெரிய மருத்துவமனையின் கொள்முதல் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். என் மேசை கருவிகளுக்கானது. சக்கர நாற்காலி, ஈ.சி.ஜி. இயந்திரம், எடை பார்க்கும் கருவி எல்லாம் என் கையெழுத்தில்தான் வரும். அந்தக் கருவிகளுக்குத் தீனி போடும் காகிதம், பசை, பஞ்சு, கையுறை எல்லாம் பக்கத்து மேசை அம்மாவின் பொறுப்பு. எந்தப் பொருளானாலும் மூன்று இடத்தில் விலைப்பட்டியல் வாங்கி, கட்டம் போட்டு, ஒப்பிட்டு, மதிப்பெண் கொடுத்து, அதன் பிறகுதான் வாங்குவேன். முதுகுக்குப் பின்னால் எனக்கு 'மூணு கொட்டேஷன்' என்று பெயர். தள்ளுவண்டிச் சக்கரம் வாங்க நான் பதினான்கு வாரம் எடுத்துக்கொண்ட கதையைப் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இன்றைக்கும் சொல்கிறார்கள்.

கேமராவுக்கும் கட்டம் போட்டேன். முதல் வாரம் ஆறு கட்டம். மூன்றாவது வாரம் பதினெட்டு. எடை, மின்கலம், பிடி, திரை மடங்குமா மடங்காதா, ஷட்டர் எழுப்பும் சத்தம் என்று எதையும் விடவில்லை. இணையத்தில் கேமரா பற்றிப் பேசுகிறவர்களின் வீடியோக்களைச் சாப்பிடும்போதும் பல் துலக்கும்போதும் பார்த்தேன். ஒருவர் ஒரு கேமராவைக் கடவுள் என்பார், அடுத்தவர் அதையே குப்பை என்பார். இரண்டையும் நம்பி இரண்டையும் குறித்துக்கொண்டேன். அதுவரை ஒரு படம்கூட ஒழுங்காக எடுத்திராத நான், ஐ.எஸ்.ஓ. பற்றியும் அப்பர்ச்சர் பற்றியும் சாப்பாட்டு இடைவேளையில் சொற்பொழிவு ஆற்றினேன். சக ஊழியர்கள் டிபன் பாக்ஸோடு வேறு மேசைக்கு இடம் மாறினார்கள்.

நிபுணர் கருத்து இல்லாமல் எங்கள் பிரிவில் எதுவும் வாங்குவதில்லை. மருத்துவமனையில் படம் எடுக்கத் தெரிந்த ஒரே ஆள் எக்ஸ்ரே டெக்னீஷியன் என்பதால் அவரிடம் போனேன்.

"எனக்கு என்ன சார் தெரியும்? மூச்ச அடக்கிட்டு அசையாம நில்லுங்கன்னு சொல்வேன். பட்டன அமுக்குவேன். அவ்வளவுதான்" என்றார் அவர்.

"சென்சார் சைஸ் பத்தி உங்க அபிப்பிராயம்?"

"உங்களுக்கு உடம்பு எதாவது சரியில்லையா சார்?" என்று கரிசனமாகக் கேட்டார்.

அவர் கருத்தையும் 'நடுநிலை' என்று ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டேன்.

முதல் வாரமே போய்ப் பார்த்த கேமராக் கடையில் ஒரு விற்பனைப் பெண் இருந்தாள். நான் பேசுவதை இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, அலமாரியிலிருந்து ஒன்றை எடுத்து வைத்து, "புதுசா கத்துக்கறவங்களுக்கு இது போதும் சார்" என்றாள். முதலில் காட்டுவதை வாங்குகிறவனா நான்? விற்பவர் எதைத் தள்ளிவிடப் பார்க்கிறாரோ அதைச் சந்தேகப்படு என்பது எங்கள் பிரிவின் பாலபாடம். அந்த மாடலுக்கு நேராக ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு வந்தேன்.

ஆறாவது வாரம் மூன்று கேமராக்கள் மிஞ்சின. ஏழாவது வாரம் ஒரு கம்பெனி புது மாடல் வரப்போவதாக அறிவித்தது, உடனே பட்டியலை மறுபடி பத்தொன்பது மாடலாக்கிவிட்டேன். சின்னக்கா கூப்பிட்டு, "தேதி சொல்லுடா, நான் கடைய மூடணும்ல" என்றாள். பெரியக்கா கூப்பிட்டு, "ஒரு ஸ்டூடியோவப் பாத்துக்கலாமேடா" என்றாள். இரண்டு பேரிடமும் "வந்துட்டே இருக்குக்கா" என்றேன், எங்கிருந்து வருகிறது என்று சொல்லவில்லை.

என் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"குளியலறைல உங்க பிரஷ் தேஞ்சு நாலு மாசம் ஆகுது. அதுக்கும் கொட்டேஷன் வந்துட்டு இருக்கா?"

"இது வேற. தப்பா வாங்கிட்டா காலத்துக்கும் வருத்தப்படணும்."

"உங்களுக்கு கேமரா வாங்கறதுல பயம் இல்ல. அவங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கறதுதான் உங்களுக்குப் பயம். என்னன்னுதான் எனக்குத் தெரியல."

நான் கட்டங்களைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவள் சொன்னது சரி. கேமரா வாங்காதவரை படம் இல்லை, படம் இல்லாதவரை சந்திப்பு இல்லை. பத்தொன்பது மாடல்களுக்குப் பின்னால் நான் ஒளிந்துகொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் அதற்கென்று தனியாகக் கட்டம் எதுவும் இல்லை.

பெரியக்கா திங்கட்கிழமை சாயங்காலம் விமானம் ஏற வேண்டும். அதற்கு முந்தைய சனிக்கிழமை, வேறு வழியில்லாமல், கடைக்குப் போனேன். பதினோரு வாரம், இருபத்திரண்டு கட்டங்கள். மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்ததில் முதலிடம் வந்தது, அந்தப் பெண் முதல் நாள் எடுத்து வைத்த கேமரா. அவள் அதை நினைவூட்டவில்லை. பெட்டியை எடுத்து வைத்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"பை வேணுமா சார்?"

"வேண்டாம்."

"மூணு கால் ஸ்டாண்டு? மெமரி கார்டு? துடைக்கற துணி?"

"பட்டியல்ல இல்லாத எதையும் சேக்காதீங்கம்மா. என்னென்ன வேணும்னு எனக்குத் தெரியும்" என்றேன், சப்ளையர்களிடம் பேசும் அதே குரலில். அந்தக் குரலுக்கு எப்போதும் மரியாதை உண்டு. அவளும் மறுபேச்சுப் பேசவில்லை. சில்லறை விற்பனையின் சூழ்ச்சிகளையெல்லாம் முறியடித்த பெருமிதத்தோடு வீடு திரும்பினேன்.

இரவு உணவுக்கு முன் மின்கலத்தை ஏற்றி, மேசை மேல் இருந்த தண்ணீர்க் கூஜாவை ஒரு படம் எடுத்தேன். கூஜா திரையில் அழகாகத் தெரிந்து, சில விநாடியில் மறைந்தது. மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ குட்டியாக மினுக்கியது. புதுக் கருவி என்றால் ஏதாவது மினுக்கத்தான் செய்யும் என்று மனைவிக்கு விளக்கினேன். முன்னூறு பக்கக் கையேட்டில் நாற்பதாவது பக்கம் வரை படித்துவிட்டு, தானியங்கி டைமர் எப்படிப் போடுவது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு படுத்தேன்.

ஞாயிறு காலை பூங்காவில் குளத்தை ஒட்டிய பெஞ்சில் ஏற்பாடு. பெரியக்கா ஒரு வாசல் வழியாக வந்தாள், சின்னக்கா மறு வாசல் வழியாக வந்தாள். பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் எனக்கு ஒரு ஆள் இடம், தாராளமாகவே விட்டிருந்தார்கள்.

"அவள கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திரும்பச் சொல்லு" என்றாள் பெரியக்கா என்னிடம்.

"எனக்கு எங்க திரும்பணும்னு தெரியும்னு சொல்லு" என்றாள் சின்னக்கா என்னிடம்.

நான் இரண்டையும் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டாண்டு வாங்காததால் எதிரே இருந்த குப்பைத் தொட்டியின் மூடி மேல் கையேட்டை வைத்து, அதன் மேல் கேமராவை நிறுத்தினேன். அந்தக் கையேடு உருப்படியாகப் பயன்பட்டது அங்கேதான். நாயோடு நடந்துகொண்டிருந்த ஒருவர் நின்று, "நான் வேணும்னா என் போன்ல ஒண்ணு எடுத்துத் தரட்டுமா?" என்று கேட்டார். "நன்றி, எங்ககிட்ட கேமரா இருக்கு" என்று அவரை அனுப்பிவைத்தேன்.

டைமர் பத்து விநாடி. பொத்தானை அழுத்திவிட்டு, பத்து விநாடிக்குள் ஓடிப் போய் நடுவில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். முதல் தடவை என் முதுகு மட்டும் விழுந்தது. இரண்டாவது தடவை கால் தடுக்கி, சின்னக்காவின் மடியில் விழப் பார்த்தேன். மூன்றாவதில் நான் ஒழுங்காக இருந்தேன், ஆனால் பெரியக்கா கண்ணை மூடியிருந்தாள். ஒவ்வொரு தடவையும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வந்து, திரையில் தெரியும் சில விநாடிக்குள் மூன்று பேரும் எட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருத்தி "இது வேணாம்" என்றாள்.

நான் அவ்வளவு வேகமாக ஓடியதற்குப் படம் மட்டும் காரணம் இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நான் குனிந்துகொண்டிருக்கும் நேரமெல்லாம் அவர்கள் இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். அந்த நேரத்தில் மெஷின் பேச்சு வந்தால் என் கதி என்ன?

ஏழாவது தடவை பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

"எதுக்கு இப்படித் தலைதெறிக்க ஓடி வரான்?" என்றாள் பெரியக்கா, பொதுவாக, குளத்தைப் பார்த்து.

"ஸ்கூல் பஸ்ஸுக்கும் இப்படித்தான் ஓடுவான்" என்றாள் சின்னக்கா, அவளும் குளத்தைப் பார்த்து.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. டைமரைப் போட்டுவிட்டு அங்கேயே நின்றுவிட்டேன். அந்தப் படத்தில் நான் இல்லை.

பதினைந்தாவது தடவைக்குள் அவர்கள் குளத்தை விட்டுவிட்டார்கள். என்னைத் திட்டுவதில் இரண்டு பேருக்கும் எப்போதுமே நல்ல ஒற்றுமை. ஒருத்தி தொடங்கினால் மற்றவள் முடித்தாள். அப்புறம் திட்டு ஓய்ந்தது.

"கண்ணாடி புதுசா?" என்று பெரியக்கா கேட்டாள். இந்தத் தடவை தங்கையின் முகத்தைப் பார்த்தே கேட்டாள்.

"ஆறு வருஷம் ஆச்சு" என்றாள் சின்னக்கா.

நான் கேமராவின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டேன். தங்கை கண்ணாடி போட்டு ஆறு வருடம் ஆனது அக்காவுக்குத் தெரியாமல் போனதற்கு நான் பொறுப்பு. அப்போதே சொல்லியிருக்கலாம். பொத்தானை அழுத்திவிட்டு ஓடினேன்.

இருபத்து மூன்றாவது படம் இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. திரையில் மூன்று பேரும் கண் திறந்து, சிரித்துக்கொண்டு இருந்தோம். "பெருசா பிரிண்ட் போட்டுக் கொண்டா" என்றாள் பெரியக்கா. இரண்டு பேரும் எழுந்து ஒரே வாசலை நோக்கி நடந்தார்கள். கூடவே போய் நடுவில் புகுந்துகொள்ளலாம் என்று பார்த்தேன். ஆனால் குப்பைத் தொட்டி மேலிருந்த கையேடு சரிந்து உள்ளே விழுந்துவிட்டது. அதை எடுத்து நிமிர்ந்தபோது அவர்கள் வாசலைத் தாண்டியிருந்தார்கள்.

பிற்பகல் நான்கு மணிக்கு, பிரிண்ட் போடும் கடைக்குக் கிளம்பும் முன், படங்களைப் பார்க்கும் பொத்தானை அழுத்தினேன். படம் எதுவும் இல்லை என்று திரை சொன்னது. வேறு பொத்தானை அழுத்தினேன், அணைத்துப் போட்டேன், தட்டிப் பார்த்தேன். என் மனைவி வந்து கேமராவை வாங்கி, அடியில் இருந்த சின்ன மூடியைத் திறந்தாள். மின்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு பொந்து இருந்தது. அது காலியாக இருந்தது.

"கார்டு எங்கங்க?"

"எந்தக் கார்டு?" என்று கேட்டு முடிப்பதற்குள் எனக்கு விளங்கிவிட்டது. இருபத்திரண்டு கட்டங்களில் அது இல்லை. பத்தொன்பது வருடமாகக் கருவி வாங்குவது நான், கருவிக்குள் போடுவதை வாங்குவது பக்கத்து மேசை அம்மா. ஈ.சி.ஜி. இயந்திரம் வாங்கும்போது நான் காகிதத்தைப் பற்றி ஒரு நாளும் நினைத்தது கிடையாது. அது தானாக வந்து சேரும். படத்தைத் தாங்கும் சாமானும் எங்கிருந்தோ தானாக வந்து சேரும் என்று என் மூளையின் ஏதோ ஒரு மூலை முடிவு செய்திருக்கிறது. ஷட்டர் என் ஓட்டத்துக்காக இருபத்து மூன்று தடவை சும்மா சத்தம் போட்டிருக்கிறது. அந்த ஆரஞ்சு நிற மினுக்கல் இதைத்தான் நேற்றிலிருந்து கரடியாய்க் கத்திக்கொண்டிருந்தது.

பெரியக்காவைக் கூப்பிட்டேன். லைன் பிஸி. சின்னக்காவைக் கூப்பிட்டேன். அதுவும் பிஸி. பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டேன், இரண்டும் பிஸி. நாலே முக்கால், ஐந்து, ஐந்தேகால். கைபேசியைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

"ரெண்டு பேருமே ஒரே நேரத்துல பிஸியா?" என்று கேட்ட என் மனைவி, கேட்டுவிட்டு, முகமெல்லாம் மலர்ந்தாள். "அடடே. பேசிக்கறாங்க."

நான் சோபாவில் உட்கார்ந்தேன். அவளிடம் அப்போதுதான் முதன்முதலாக மெஷின் விஷயத்தைச் சொன்னேன். அவள் மலர்ச்சி மெல்ல மெல்ல வடிந்தது. "ஒம்பது வருஷமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஐந்தே முக்காலுக்கு அழைப்பு வந்தது.

"நாங்க ரெண்டு பேரும் லைன்ல இருக்கோம்" என்றாள் பெரியக்கா.

"ரொம்ப சந்தோஷம்க்கா."

"சந்தோஷம் இருக்கட்டும். அன்னைக்கு நான் போன் பண்ணி மெஷினக் கேட்டப்ப என்ன சொன்ன?"

"எடுத்துக்கோன்னு சொன்னேன்."

"என்கிட்ட?" இது சின்னக்கா.

"எடுத்துக்கோன்னு சொன்னேன்."

பதினோரு வாரத்தில் நான் ஏகப்பட்ட சப்பைக்கட்டுகள் தயார் செய்து வைத்திருந்தேன். மறதி, வேலைப்பளு, அம்மா போன துக்கம். ஒன்றும் வாயில் வரவில்லை.

"பயந்துட்டேன்க்கா. உங்க ரெண்டு பேருல யார்கிட்டயும் முடியாதுன்னு சொல்ல எனக்குத் தைரியம் வரல. அப்புறம் நாள் ஆக ஆக, உண்மையச் சொல்லவும் வரல."

வெளுத்து வாங்கினார்கள். முறை வைத்துக்கொண்டு திட்டினார்கள், ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவள் தொடர்ந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டேன். நடுவில் பெரியக்காவின் குரல் மாறியது.

"அவ ஆபரேஷன் பண்ணிட்டு ஆஸ்பத்திரில கிடந்தப்ப நான் வார்டு கதவு வரைக்கும் வந்தேன்டா. வெளியிலயே நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டேன்."

"வந்தியாக்கா?" என்றாள் சின்னக்கா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சுவதுதான் கேட்டது. அது நான் வேலை பார்க்கும் மருத்துவமனை. அந்த வார்டுக்குச் சக்கர நாற்காலி வாங்கிப் போட்டவன் நான். என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

ஆனாலும் மிச்சத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"இன்னொரு விஷயம்க்கா. காலைல எடுத்த படம் ஒண்ணுகூட விழல. கார்டு போடாம எடுத்திருக்கேன்."

சின்னக்கா முதலில் சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள். பெரியக்காவும் சேர்ந்துகொண்டாள். ஒன்பது வருடத்துக்கும் சேர்த்து அவர்கள் சிரிப்பது என் செலவில் என்பதால் நான் மரியாதையாகக் காத்திருந்தேன்.

"நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ஸ்டூடியோ. கேமராவத் தூக்கிட்டு வந்துடாத" என்றாள் பெரியக்கா. "அந்த மெஷின் இன்னும் இங்கதான் கிடக்கு. உனக்கு வேணுமாடி?"

"நாலு மெஷின் வச்சிருக்கேன், எனக்கு ஏது இடம்?" என்றாள் சின்னக்கா. "ஆளாளுக்கு எடுத்துக்கோன்னு சொன்னான்ல. அவனே எடுத்துக்கட்டும்."

திங்கட்கிழமை விடுப்பு எடுத்தேன். கடைத்தெரு மாடியில் ஒரு சிறிய ஸ்டூடியோ, சாம்பல் நிறத் திரை, இரண்டு விளக்குக் குடைகள். ஸ்டூடியோக்காரர் வழுக்கைத் தலையர், அவசரமில்லாதவர். பழக்க தோஷத்தில், அவர் கையிலிருப்பது என்ன மாடல் என்று கேட்டுவிட்டேன். "தெரியலையே சார். இங்க முன்னாடி இருந்தவர் வச்சிட்டுப் போனது" என்றார்.

திரைக்கு முன்னால் நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன்.

"நீ அந்தப் பக்கம் போடா" என்றாள் பெரியக்கா.

ஓரத்துக்குப் போனேன். சின்னக்கா நகர்ந்து அக்காவின் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றாள். வீட்டைக் காலி செய்தது, மகளின் வீட்டில் எந்த அறை, கண்ணாடியின் பவர், கடையில் யார் துணைக்கு என்று இரண்டு பேரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் விமானம். அதற்குள் ஒன்பது வருடத்தைப் பேசி முடிக்க வேண்டும்.

ஸ்டூடியோக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்தார். "அம்மா, ரெண்டு பேரும் ஒரே ஒரு நிமிஷம் பேசாம இருங்க" என்றார்.

அவர்கள் காதில் அது விழவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"அவங்க பேசட்டும் சார்" என்றேன். "நீங்க எடுங்க."